ஒப்புக்கால்

சுயம்புக்கனி செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலைப் பலகையில் வைத்தாள். பிறகு இடது கால்.

ஷட்டர் பாதி உயர்ந்திருந்தது. அவளுக்குப் பின்னால் பொன்மாரி பட்டு மாளிகையின் பெண்கள் வெறுங்காலுடன் வரிசையில் நின்றார்கள். முதலாளி தவசிமுத்து அண்ணாச்சி சூடத் தட்டுடன் ஓரமாக நின்றார்.

பலகை கேட்டது. "நலமா?"

"நலம்" என்றாள் சுயம்புக்கனி.

பலகையின் விளிம்பில் பச்சைக் கோடு ஓடியது. அண்ணாச்சி சூடம் காட்டினார். ஷட்டர் முழுதாக உயர்ந்தது.

அந்தப் பலகையின் பெயர் அழல்காட்டி, காலுக்குள் இருக்கும் அழற்சியைக் காட்டுவது. நின்று வேலை செய்கிறவர்கள் இருக்கும் இடமெல்லாம் அதைத் தரையில் பதிக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. குதிகாலுக்குள் ஒலியை அனுப்பி, தசைநாண் எலும்பில் சேரும் இடத்தை அது படம் பிடிக்கும். அங்கே நீர் கோத்திருக்கிறதா, நாண் தடித்திருக்கிறதா, ரத்தம் கூடுதலாகப் பாய்கிறதா என்று பார்க்கும். சிலவகை மூட்டுவாதம் பலருக்கு முதலில் குதிகாலில்தான் தெரியும். அங்கேயே பிடித்துவிட்டால் கைகளுக்கும் முதுகுக்கும் போகாமல் தடுக்கலாம். நல்ல நோக்கம்தான். சிவப்பு எரிந்தால் கவுன்டருக்குள்ளிருந்து ஓர் இருக்கை விரியும். சிவப்போடு மருத்துவரின் ஒப்புதலும் சேர்ந்தால் தொழிலாளர் காப்பீட்டிலிருந்து ஊசி மருந்து வரும். வலிக்கிறது என்று யாரும் கெஞ்ச வேண்டாம். நடிக்கிறாள் என்று யாரும் சொல்லவும் முடியாது.

படம் இருந்தால் மட்டும் போதாது. அதை எதனோடாவது ஒப்பிட வேண்டும். தரையின் சூடும் காற்றின் ஈரமும் நாளுக்கு நாள் மாறுவதால், அன்றைக்கு முதலில் ஏறுகிறவரின் காலை அந்த நாளின் அளவாக அழல்காட்டி எடுத்துக்கொள்ளும். அதற்கு ஒப்புக்கால் என்று பெயர். வாசல் பலகையில் பதியும் ஒப்புக்காலோடுதான் கவுன்டர்களுக்குப் பின்னால் உள்ள எல்லாப் பலகைகளும் மற்றவர்களின் கால்களை ஒப்பிடும். ஒத்திருந்தால் பச்சை. வேறுபட்டால் சிவப்பு. ஒப்புக்கால் தருகிறவர் நலமாக இருக்க வேண்டும் என்பது கையேட்டின் ஒரே நிபந்தனை.

யார் முதலில் ஏறுவது என்பதில் அண்ணாச்சிக்குக் குழப்பமே இருந்ததில்லை. கனிக்குக் கைராசி. அவள் விரித்துக் காட்டிய முதல் சேலை மடிப்புக்குத் திரும்பியதில்லை. கடையின் முதல் அடி அவளுடையதுதான்.

பொருத்திய நாளில் பலகை வேறு விதமாகக் கேட்டது. "வலி இருக்கிறதா?" கடை திறக்கும் நேரத்தில், வாசலில், முதல் சொல்லாக 'இல்லை' என்று யாராவது சொல்வார்களா? அண்ணாச்சி பலகைக் கம்பெனியைக் கூப்பிட்டுக் கேள்வியை மாற்றச் சொன்னார். மாற்றினார்கள். போணி நேரத்தில் 'நலமா' என்ற கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு.

சுயம்புக்கனி பட்டுப் பிரிவுக்கு நடந்தாள். காலையில் கட்டிலைவிட்டு இறங்கும்போது குதிகாலில் கண்ணாடித் துண்டு இருப்பதுபோல் இருக்கும். நடக்க நடக்கக் குறையும். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து எழுந்தால் திரும்பவும் இருக்கும். இந்த வருடம் நடந்தாலும் குறையவில்லை.

பக்கத்து கவுன்டரில் ஷெர்லின். கடைக்கு வந்து இரண்டு வருடம் ஆன பெண்.

"என்னக்கா, கொக்கு மாதிரி ஒத்தக் கால்ல நிக்கிய?"

"நீ மட்டும் என்னட்டி? மாத்தி மாத்தி வைக்கத நானும் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

"எனக்குப் பச்சைல்லா எரியுது. பச்சைக்கு வலிக்காதாம். குதிகாலுக்குத்தான் அது தெரியமாட்டேங்குது."

சிரித்தார்கள். வாடிக்கையாளர் வந்ததும் நேராக நின்றார்கள்.

ஷெர்லினுக்கும் முதலில் சிவப்பு எரிந்தது. புதிதாக வரும் எல்லாருக்கும் அப்படித்தான். இருக்கை விரியும். வெட்கத்துடன் உட்காருவார்கள். சில மாதங்களில் சிவப்பு மங்கி, ஒரு நாள் பச்சையாகும். இருக்கை மடங்கிவிடும். "கால் பழகிட்டு" என்பார் அண்ணாச்சி. தொழிலாளர் துறையிலிருந்து ஆய்வாளர் வந்தபோது அந்த வரைபடங்களைத்தான் காட்டினார். எல்லாக் கோடுகளும் சிவப்பில் தொடங்கிப் பச்சையில் முடிந்தன. ஆய்வாளர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சிவப்பு எரிந்த நாட்களில் அந்தப் பெண்களுக்கு வலி இல்லை. ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வலி வந்தபோது சிவப்பு போய்விட்டிருந்தது.

*

அரசு மருத்துவமனையின் மூட்டுப் பிரிவில் டாக்டர் மெஹ்ருன்னிஸா முதலில் திரையைப் பார்த்தார். கடையின் பலகை அனுப்பிய பதிவுகள் அதில் இருந்தன.

"கடையில பச்சைதான் காட்டுதும்மா."

"ஆமா டாக்டர்."

"வேறுபாடு சுழியம். நேத்தும் சுழியம். அதுக்கு முன்னாடியும்." அவர் விரலால் பதிவுகளை நகர்த்திக்கொண்டே போனார். "யாருக்கும் சுழியம் வராதே. என் காலுக்கே வராது."

"நல்லதுதான டாக்டர்?"

டாக்டர் திரையிலிருந்து திரும்பினார். "கையைக் காட்டுங்க."

நகங்களில் அடர்ந்த அரக்குச் சாயம். சேலை விரிக்கும் கை பார்க்க நன்றாக இருக்க வேண்டும்.

"சாயத்தை எடுக்கலாமா?"

பஞ்சில் திரவத்தை நனைத்து அவரே துடைத்தார். நகங்களில் ஊசியால் குத்தியதுபோல் சிறு குழிகள். முழங்கைக்குப் பின்னால் செதிலாக உரியும் தோல். இடது காலின் இரண்டாவது விரல் முழுதும் வீங்கியிருந்தது. கடைசியாக, குதிகாலின் பின்புறம், நாண் எலும்பைத் தொடும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினார்.

சுயம்புக்கனி கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"எல்லாருக்கும் இருக்கதுதான டாக்டர். நிக்கிற பொழப்பு."

டாக்டர் அலமாரியைத் திறந்து ஒரு கருவியை எடுத்தார். கைக்குள் அடங்கும் ஒலிக்கருவி. வயரைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் தொட்டதும் அறுந்தது. "பலகை வந்தப்புறம் இதை யாரும் தொடுறதில்ல. படம்தான் தரையிலேயே கிடைக்குதே."

களிம்பு சில்லென்று இருந்தது. திரையில் சாம்பல் நிறப் பட்டைகள். எலும்பின் ஓரத்தில் ஆரஞ்சுப் புள்ளிகள் நாடித் துடிப்போடு மின்னி மின்னி அணைந்தன.

"இதெல்லாம் ரத்தம். இந்த இடத்துல இவ்வளவு ரத்தத்துக்கு வேலையே இல்ல. பாருங்க, எலும்பு அரிச்சிருக்கு. தோல் நோயோட சேர்ந்து வர்ற மூட்டுவாதம் இது. பல வருஷமா இருக்கு."

"அப்ப பலகை ஏன் பச்சைங்குது?"

"தெரியல."

அவர் உண்மையாகவே யோசித்தார். பிறகு திரையை அணைத்தார்.

"இப்படியே நின்னுக்கிட்டிருந்தா என்ன ஆவும் டாக்டர்?"

"நிக்க முடியாமப் போகும்."

நிற்க முடியாதவளுக்குப் பட்டுப் பிரிவில் இடமில்லை. சுயம்புக்கனிக்கு வேறு வேலை தெரியாது. பதினெட்டு வயதில் அந்தக் கடைக்குள் வந்தவள்.

"காப்பீட்டு ஊசிக்குச் சிவப்பு வேணும். அது இல்லாம என்னால வாங்கித் தர முடியாது. ஆனா ஒரு புது மருந்து ஆய்வுக்கு வந்திருக்கு. அதுக்குப் பலகை சம்மதிக்க வேண்டாம். நீங்க சம்மதிச்சாப் போதும்."

"போட்டுருங்க" என்றாள் சுயம்புக்கனி.

*

மூன்றாவது ஊசிக்குப் பிறகு ஒரு காலையில் அவள் கட்டிலைவிட்டு இறங்கினாள். அடுப்படி வரை போன பிறகுதான், வலிக்கவில்லை என்பது தெரிந்தது. திரும்பிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து இன்னொரு முறை இறங்கிப் பார்த்தாள்.

அன்று கடையில் "நலம்" என்று சொன்னபோது முதல் முறையாக அது உண்மை.

அன்றுதான் ஷெர்லினின் கவுன்டரில் சிவப்பு எரிந்தது. இருக்கை விரிந்தது. ஷெர்லின் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏக்கா, எனக்கா?"

"உனக்குத்தாம்ட்டி. உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, "கல்யாணத்துல மணையில உக்காந்தாக்கூட இப்படி இருக்காதுக்கா" என்றாள்.

மறுநாள் அடுத்த கவுன்டரிலும் சிவப்பு. அதற்கு அடுத்த வாரம் பட்டுப் பிரிவு முழுதும். சுயம்புக்கனி குணமாகக் குணமாகக் கடை சிவந்துகொண்டே வந்தது. சுடிதார் பிரிவு, வேட்டிப் பிரிவு, பில் போடும் இடம் என்று எங்கும் இருக்கைகள் விரிந்து கிடந்தன. பழைய பெண்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் மட்டும் பச்சை வெளிச்சத்தில் நின்றார்கள். அது வேறு யார் கண்ணிலும் படவில்லை. சுயம்புக்கனியின் கண்ணில் பட்டது.

ஷெர்லினுக்கு டாக்டர் மெஹ்ருன்னிஸாவிடம் நாள் கிடைத்திருந்தது. சிவப்பு இருந்தது. ஒப்புதல் மட்டும் பாக்கி.

வாடிக்கையாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஒருவர் அண்ணாச்சியிடமே கேட்டார். "என்ன அண்ணாச்சி, கடையா ஆஸ்பத்திரியா?"

அண்ணாச்சி பலகைக் கம்பெனிக்குச் சொல்லி அனுப்பினார்.

*

கம்பெனியிலிருந்து கிளமென்ட் வந்தான். வாசல் பலகையைத் திறந்து, பார்த்து, மூடினான்.

"பலகையில பழுது ஒண்ணும் இல்ல சார். ஒப்புக்கால் மாறியிருக்கு."

"மாறலியே. கனிதான எப்பவும் ஏறுதா."

"ஆள் மாறல. கால் மாறியிருக்கு."

அண்ணாச்சி சுயம்புக்கனியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. "என்னம்மா கனி? கால்ல என்ன கோளாறு? சொல்லக் கூடாதா?"

"கோளாறு இப்ப இல்ல அண்ணாச்சி. முன்னால இருந்துச்சு."

"முன்னால பச்சைல்லா எரிஞ்சுது."

"என் காலை வச்சுத்தான அளந்துச்சு? எனக்கு எம்புட்டு வீக்கம் இருந்துச்சோ, அதுதான் எல்லாருக்கும் சரின்னு எடுத்துக்கிட்டுது. எனக்குக் கூடக் கூட அதும் கூட்டிக்கிட்டே போயிருக்கு. இப்ப நான் நல்லா இருக்கேன். அதான் இவளுகளுக்கு உள்ளது தெரியுது."

அண்ணாச்சி கிளமென்டைப் பார்த்தார். கிளமென்ட் தரையைப் பார்த்தான்.

"புதுசா வந்த பிள்ளைகளப் பாருங்க" என்றாள் சுயம்புக்கனி. "அதுகளுக்கு மட்டும் பச்சை எரியுது. நிக்க ஆரம்பிக்காத காலு."

"அதுக இன்னும் பழகலம்மா."

"இத்தன வருசமும் பழகாததுக்குச் சிவப்புன்னிய. இப்ப பழகாததுக்குப் பச்சைங்கிய."

அண்ணாச்சி கடையைப் பார்த்தார். சிவப்புக் கோடுகள் கண்ணுக்கெட்டிய வரை இருந்தன. "கொஞ்சம் பேருன்னா நம்பலாம். கடையில இம்புட்டுப் பேருக்கும் ஒரே சமயத்துல நோவு வருமா? நீயே சொல்லு."

கிளமென்ட் தொண்டையைச் செருமினான். "விதி ஒண்ணு இருக்கு சார். பாதிக்கு மேல சிவந்தா ஒப்புக்கால்தான் தப்புன்னு வச்சுக்கணும். வேற ஆளைப் போட்டாச் சரியாயிடும். யார் கால் பல பேர் காலோட ஒத்துப்போகுதுன்னு பலகையே சொல்லும்."

பலகை ஷெர்லினின் பெயரைச் சொன்னது.

அண்ணாச்சி உள்ளே போன பிறகு கிளமென்ட் தன் பையை மூடிக்கொண்டே மெதுவாகச் சொன்னான். "அக்கா, நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா எது நல்ல கால்னு பலகைக்குத் தெரியாது. எத்தனை பேர் ஒத்துப்போறாங்கன்னு மட்டுந்தான் தெரியும்."

"உனக்குத் தெரியும்லா?"

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

*

கடை மூடும்போது ஷெர்லின் இன்னும் உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சி அவளிடம் சொல்லியிருந்தார். நாளை முதல் அடி அவளுடையது. தலைக்குக் குளித்து வரச் சொல்லியிருந்தார்.

சுயம்புக்கனி அவள் எதிரில் நின்றாள்.

"ஏட்டி, நாளைக்கு அது கேக்கும்போது நலமில்லன்னு சொல்லிரு. சொன்னா அது உன் காலை எடுத்துக்கிடாது. அடுத்த ஆளைக் கேக்கும். அவளும் சொல்லணும். நான் எல்லார்ட்டயும் பேசுதேன். கடைசில புதுசா வந்த பிள்ள ஒருத்தி ஏறட்டும்."

"போணி நேரத்துலயாக்கா?"

"ஒரு நாள் சொன்னா என்ன?"

"சூடம் எரியும். அண்ணாச்சி நிப்பாவ. எல்லாரும் பின்னால நிப்பாளுக. நலமில்லன்னு எப்படிச் சொல்லுவேன்? அன்னைக்கு வியாபாரம் நொடிச்சா ஆயுசுக்கும் என் தலையிலதான் விழும்."

"உனக்கு ஊசி வேண்டாமாட்டி? இந்த இருக்கை வேண்டாமா?"

ஷெர்லின் இருக்கையின் ஓரத்தைத் தடவினாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க சொன்னியளாக்கா? இத்தன வருசத்துல ஒரு நாளாவது சொன்னியளா?"

சுயம்புக்கனி வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அன்றே அவள் டாக்டர் மெஹ்ருன்னிஸாவிடம் எல்லாவற்றையும் போனில் சொன்னாள். "சுழியம்" என்றார் டாக்டர், தனக்குத்தானே சொல்வதுபோல. "உங்க காலை உங்க காலோடேயே ஒப்பிட்டிருக்கு." காப்பீட்டு அலுவலகத்துக்கும் தொழிலாளர் துறைக்கும் எழுதுவதாகச் சொன்னார். எழுதினார். சில நாட்களில் பதில் வந்தது. அந்தக் கடையின் பலகையில் இருந்த பிழை ஏற்கனவே சரிசெய்யப்பட்டுவிட்டது என்று.

*

போனில் பேசியதற்கு மறுநாள் காலையில் ஷட்டர் பாதி உயர்ந்தது. ஷெர்லின் ஈரத் தலையில் பிச்சிப்பூ வைத்திருந்தாள். சுயம்புக்கனி வரிசையில் இரண்டாவதாக நின்றாள். அந்த இடத்தில் அவள் நின்றதே இல்லை. முன்னால் நிற்பவளின் குதிகால்கள் அங்கிருந்து நன்றாகத் தெரிந்தன. பின்புறம் தடித்து, பளபளப்பாக இருந்தன.

ஷெர்லின் வலது காலை வைத்தாள். பிறகு இடது கால்.

"நலமா?"

சூடம் எரிந்தது. அண்ணாச்சி அவளைப் பார்த்தார். வரிசையில் யாரோ இருமினார்கள். ஷெர்லின் லேசாகத் தலையைத் திருப்பினாள். ஆனால் சுயம்புக்கனி வரை அது திரும்பவில்லை.

"நலமா?" என்று பலகை திரும்பவும் கேட்டது.

"நலம்" என்றாள் ஷெர்லின்.

பச்சைக் கோடு ஓடியது. பெண்கள் தங்கள் கவுன்டர்களுக்குப் போய் நின்றார்கள். ஒவ்வொரு விளக்காகப் பச்சையானது. இருக்கைகள் ஒவ்வொன்றாக மடங்கி உள்ளே போகும் சத்தம் கடை முழுதும் கேட்டது. புதிதாக வந்த பெண்களின் இருக்கைகள் மட்டும் விரிந்தன.

சுயம்புக்கனி தன் பலகையில் ஏறினாள். பட்டுப் பிரிவில் சிவப்பு எரிந்தது அவளுக்கு மட்டும்தான்.

"குதிகாலில் வேறுபாடு உள்ளது" என்றது பலகை. "உட்காருங்கள். ஊசி மருந்துக்கு நீங்கள் தகுதி பெற்றுள்ளீர்கள்."

இருக்கை விரிந்தது. அவள் அதைப் பிடித்து இழுத்து ஷெர்லின் பக்கம் தள்ளினாள். ஷெர்லின் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அதன் ஓரத்தில் சாய்ந்தாள். அந்த இருக்கைக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. உடனே மடங்கியது. ஷெர்லின் தடுமாறி நிமிர்ந்தாள். சுயம்புக்கனி தன் பலகைக்குத் திரும்பியதும் மறுபடி விரிந்தது.

அண்ணாச்சி அந்தப் பக்கம் வந்தார். "உக்காரும்மா கனி. இந்தக் கடைக்காக எம்புட்டு நின்னிருக்கே. உனக்குச் சரியாகுற வரைக்கும் உக்காரு."

அவர் மனதாரத்தான் சொன்னார். அவள் உட்கார்ந்தாள்.

முதல் வாடிக்கையாளராக மகளுக்கு முகூர்த்தப் பட்டு எடுக்க ஓர் அம்மாள் வந்தார். ஷெர்லின் மயில்கழுத்து நிறச் சேலையை எடுத்து மெத்தையில் விரித்தாள். குனியும்போது ஒரு காலைத் தூக்கிக்கொண்டாள். விரித்த பிறகு மற்றதைத் தூக்கினாள். அந்த அம்மாள் சேலையைப் பார்க்கவில்லை. உட்கார்ந்திருந்த சுயம்புக்கனியைப் பார்த்தார்.

"ஏம்மா, உடம்புக்கு என்ன செய்யுது?"

"எனக்கு ஒண்ணும் செய்யலம்மா" என்றாள் சுயம்புக்கனி. "நிக்கிறவளுகளக் கேளுங்க."

அந்த அம்மாள் குழப்பத்தோடு திரும்பினார். கவுன்டர்களுக்குப் பின்னால், பச்சை வெளிச்சத்தில், பெண்கள் வரிசையாக நின்றார்கள். போணி இன்னும் ஆகவில்லை. எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.